வேலிப் பொட்டு

– வேலிக்கு நடுற கதியாலும் கிடுகும் கிடக்குது. அப்ப, பொட்டை அடைக்கத்தான் போறியள், என்ன, ஆழ்வாப்பிள்ளை அண்ணை?

– குடத்தை இறக்கி வை, லூர்த்தம்மா. வந்ததும் வராததுமாய்ப் பிரசங்கம்.

– நான் ஏன் பிரசங்கம் வைக்கிறன்? உங்கடை வேலி, உங்கடை வளவு. வேலியிலை ஒரு ஆள் நுழையிற பொட்டு விட்டியள், இப்ப அடைக்கிறியள். இண்டைக்கு மட்டும் ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுங்கோ பூரணம் அக்காவை.

– நாளைக்கு எங்கை போவாய்?

– பெரியகடைக் கிணத்துக்கு. ஒரு கட்டை தூரம் நடக்கவேணும். மாதா காலைத் தந்திருக்கிறா.

– உங்கடை கிணறு?

– தெரியாதமாதிரிக் கேக்கிறியள்! கடலும் எங்கடை கிணறும் ஒண்டுதான். மீனைப் பிடிச்சு விட்டால் நீந்தும். பிள்ளையளுக்கு ஒரு கஞ்சி வைக்கேலாது.

– ம்... நிலம் அளக்கிற சேவையர் நேற்று உன்ரை வாசலுக்கும் வந்தவரெல்லே?

– வந்தவர். சங்கிலியைப் போட்டு முத்தத்தையும் அளந்தார். பட்டினம் முழுக்கப் படம் கீறுறாராம். கோட்டை, சோனகதெரு, வண்ணார்பண்ணை, நல்லூர் எல்லாம் முடிஞ்சுதாம். கரையூரும் உங்கடை இந்த எல்லையும்தான் மிச்சமாம்.

– கோட்டை! எங்கடை கோயிலை இடிச்ச கல்லிலை உங்கடை பறங்கி கட்டின கோட்டை.

– ஐயோ, துவங்கிவிட்டியள்! பிறகு வந்த ஒல்லாந்தன் எங்களைச் சும்மா விட்டவனோ? பூசை காண எங்கடை பழஞ்சனம் ஒளிச்சுத் திரிஞ்சதாம். அடி ரெண்டு பேருக்கும்தான், அண்ணை.

– சரி, சரி. சேவையர் என்ன கேட்டவர்?

– இந்தப் பொட்டுக்குள்ளாலை சனம் போய் வாறதோ எண்டு கேட்டார். கனகாலம் நடந்த வழியெண்டால் ஒழுங்கை, எல்லாருக்கும் பொதுவழி எண்டு படத்திலை போடுவாராம். பிறகு ஒருத்தரும் அடைக்கேலாதாம்.

– நீ?

– ஒழுங்கை இல்லை எண்டன். அவையின்ரை காணி, தருமத்துக்குத் தண்ணி தருகினம் எண்டன்.

– அவரும் நேற்று அதைத்தான் சொன்னவர். எனக்கு நம்பேலாமல் கிடந்தது. உன்ரை வாயாலை கேக்கவேணுமெண்டு இருந்தனான். ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி? ஓம் எண்ட ஒரு சொல்லோடை வழி உங்களுக்கு.

– வாந்திபேதி வந்த வருசம் எங்கடை பக்கம் ஒருத்தரும் எட்டியும் பாக்கேல்லை. உங்கடை அம்மாதான் வேலியிலை ரெண்டு கிடுகைப் பிரிச்சு, ‘குடத்தைக் கொண்டாங்கோ’ எண்டவா. என்ரை மூத்தவன் பேதுரு அந்தத் தண்ணியிலை பிழைச்சவன். குடிச்ச தண்ணிக்கு இரண்டகம் செய்து உங்கடை காணியைப் பறிக்கச் சொல்லுறியளோ?

– நான் அடைச்சால் நீ கஷ்டப்படுவாய் எண்டு தெரிஞ்சுமோ?

– தெரிஞ்சுதான்.

– ஒளிக்கேல்லை, லூர்த்தம்மா. சேவையர் வர முதல் அடைச்சுவிடு எண்டு பக்கத்து வளவு ஏரம்பு அண்ணர் சொன்னவர். இந்தக் கதியாலும் அதுக்குத்தான் வெட்டினது. நேற்றுப் பின்னேரம் நல்லூர்க் கோயிலிலை நிண்டு தேவாரம் பாட, வாய் வரேல்லை.

– மனசைப் போட்டுக் குழப்பாதேங்கோ. தண்ணியை ஊத்தச் சொல்லுங்கோ. அடுப்பிலை உலை ஏத்தவேணும்.

– நில்லு. இந்தக் கயித்தின்ரை நுனியைப் பிடி. கதியால் நேராய் நடவேணும்.

– என்னைக் கொண்டே அடைப்பிக்கிறியளோ! நல்ல மனுசன். சரி, தாங்கோ. எங்கை நிக்கிறது?

– கிணத்தைத் தாண்டி, அந்த மாமரத்தடியிலை.

– கிணத்தைத் தாண்டியோ? நாங்கள் இந்தப் பொட்டடியிலை நிண்டு குடத்தை ஏந்துறதோடை சரி. கிணத்தடி மிதிச்சதில்லையே. பூரணம் அக்கா கண்டால்?

– கயிறு எடுத்துத் தந்ததே என்ரை மனுசிதான். இருபது வருசம் உங்களுக்கு அள்ளி ஊத்தி இடுப்பு விட்டுப்போச்சாம்.

– மாமரத்தடிக்கு வந்திட்டன். இழுங்கோ... அண்ணை, கயிறு பிழைச்சுப் போச்சு! இந்த நேருக்குக் கட்டினால் கிணறெல்லே உங்கடை வேலிக்கு வெளியிலை நிக்கும்?

– பிழைக்கேல்லை, பிள்ளை. விடியவே சேவையரைக் கூட்டிவந்து படத்திலை அப்பிடித்தான் கீறுவிச்சனான். கிணறு இனி ஒழுங்கையிலை. இறுக்கிப் பிடி. வேலை முடிய உன்ரை குடத்துக்கு நீயே அள்ளு.