கை காட்ட மாட்டேன்

இல்ல சார், வண்டிய நிறுத்திட்டேன்ல, அவ்ளோதான். கை காட்ட மாட்டேன். அந்தம்மா அவங்களா ரெண்டு பக்கமும் பாத்துட்டு வரட்டும். பின்னாடி இருக்கிறவன் ஹோகு குரு, போய்யான்னு கன்னடத்துல கத்துறானா? கத்தட்டும், தொண்ட வலிச்சா நிறுத்துவான்.

ரைட் சைடு கண்ணாடியப் பாருங்க. நாம நின்னா, நம்ம பின்னாடி இருந்து ஒடிச்சு, நம்மள ஒட்டி ஒரு டூவீலர் வரும். பாத்தீங்களா, வந்துட்டான்! பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல கேப் ஓட்டறேன் சார். எதிர்ல நிக்கிறவங்களுக்கு அவன் தெரிய மாட்டான், நம்ம வண்டி மறைக்கும். நாம கைய அசைச்சா மொத்த ரோடும் நின்னுடுச்சுன்னு நம்பி எறங்கிடுவாங்க.

எப்படித் தெரியும்னா... போன மார்ச்ல, ஸ்ரீராம்புரத்துல நடந்துச்சு. மத்தியானம் ஒரு மணி. எதிர்சைடுல ஒருத்தி, கையில சாப்பாட்டுப் பை. ஒரு கால எடுத்து வைக்கிறா, பின்னால போறா. எனக்கு அடுத்த டிரிப் டென்ஷன். கண்ணாடியப் பாக்காமலே, வா வான்னு கை காட்டிட்டேன். சிரிச்சுக்கிட்டே வந்தா சார். பைக் தட்டி, தல தரையில மோதிடுச்சு. அங்கேயே முடிஞ்சுபோச்சு.

பைக்ல வந்தது ரயான்னு ஒரு பையன். சாப்பாடு டெலிவரி பண்றவன். மெதுவாத்தான் வந்தான். ஆனா ஸ்டேஷன்ல நான், கண்ணுமண்ணு தெரியாம வந்தான்னு எழுதிக் குடுத்துட்டேன். கை காட்டினத சொல்லல. கேஸு அவன் மேல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவங்கம்மா மௌரீன் வந்து கோர்ட் வாசல்ல நிப்பாங்க. என்னப் பாத்து கும்பிடுவாங்க சார், சாட்சின்னு. எனக்குக் கூசும்.

ஏன் பொய் சொன்னேனா? ஸ்டேஷன்ல என் பொண்ணு சிந்து பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்வேன்?

இன்னைக்குப் பதினோரு மணிக்கு என் சாட்சி. உங்கள எறக்கிட்டு நேரா அங்கதான் போறேன். சிந்துவும் வர்றா. அவ எதிர்லயே சொல்லிடணும். அப்புறம் அவ எங்கூடப் பேசறாளோ இல்லையோ.

அட, சிந்து எதுக்கு வர்றான்னா கேக்கறீங்க? அந்தப் பையில இருந்த சாப்பாடு எனக்குத்தான் சார். தினம் அந்த எடத்துல வந்து ஜன்னல் வழியாக் குடுத்துட்டுப் போவா. வனஜா, என் சம்சாரம். ரோட்டப் பாக்கவே இல்ல சார் அவ. என் கையத்தான் பாத்துக்கிட்டு வந்தா.