கண்ணுக்காரர் வாங்கிய மாடுகள்

மாட்டின் மூக்கு ஈரமாக இருக்க வேண்டும், ஐயா. காய்ந்திருந்தால் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும். இது பலருக்கும் தெரியும். அதற்கு மேல் பார்க்கத்தான் என்னைக் கூட்டிப்போவார்கள். இருபது வருடமாகச் சந்தையில் என் பெயரே கண்ணுக்காரர்தான். நான் ஒரு மாட்டைச் சுற்றி வந்து தலையாட்டினால் தரகர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

நின்றுகொண்டே சொல்லட்டுமா? உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. சில மாதங்களாகவே இப்படித்தான்.

பண்ணை எனக்கும் தம்பிக்கும் பொது. வாங்குவது நான், வளர்ப்பது அவன். மூன்று சினை மாடுகளை லாரியில் ஏற்றிவந்து இறக்கினேன். பல், நடை, மடி எதிலும் குறை சொல்ல முடியாது. தம்பி வண்டியருகே வந்து, ரத்தப் பரிசோதனை முடியும்வரை இவற்றைத் தனியாகக் கட்டுவோம் என்றான். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்காரருக்கே கண்ணாடியா என்று பால் வண்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டர் வரட்டும், மாடுகள் மற்றவற்றோடு நிற்கட்டும் என்று சொல்லி, நானே ஓட்டிக்கொண்டு போய்த் தொழுவத்தில் கட்டினேன்.

பரிசோதனை முடிவு வந்த அன்று தம்பி தீவனம் வாங்கப் போயிருந்தான். மாட்டு டாக்டர் தாளை என்னிடம் கொடுத்தார். இரண்டு மாடுகளுக்குக் கருவைக் கலைக்கும் நோய். வெளியே ஒன்றும் தெரியாதாம், மருந்தும் கிடையாதாம். உடனே பிரித்துவிட வேண்டும், பச்சைப் பாலைக் குடிக்கக் கூடாது, கன்று விழுந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, மனிதர்களுக்கும் ஒட்டும் என்றார். வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றவரை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

தம்பி மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு.

தம்பி வந்ததும் கேட்டான். மூன்றும் சுத்தம் என்றேன். சொல்லவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. பால் வண்டிக்காரர் கிளம்பட்டும் என்று இருந்தேன். பிறகு தம்பி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தேன். மறுநாள் சொல்வதானால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படியே பதினோரு வாரம் போய்விட்டது.

பொறுப்பில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். என் வீட்டில் பாலை மூன்று முறை பொங்கவிட்டு இறக்கச் சொன்னேன். என் மகளைத் தொழுவத்துப் பக்கமே விடவில்லை. நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவியதில் விரலிடுக்கில் தோல் உரிந்தது. ஓர் இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தம்பி மனைவி பால் கறந்ததும் அங்கேயே ஒரு குவளை நுரையோடு குடிப்பாள், பிள்ளைக்கு நல்லது என்பாள். அந்த நேரத்தில் எனக்கு வேறெங்காவது வேலை இருக்கும்.

ஒரு காலையில் சிவப்பு மாடு மாதம் ஆகாமலே கன்றைப் போட்டது. செத்த கன்று. தொழுவத்தைச் சுத்தம் செய்ததெல்லாம் தம்பி மனைவிதான். மூன்று வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அடித்தது, மூட்டெல்லாம் வலி. ஆறாம் மாதம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. வீட்டில் மாடு இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். தம்பி அங்கிருந்து நேராக மாட்டு டாக்டரிடம் போயிருக்கிறான். திரும்பி வந்து என் எதிரே நின்றான். கத்தவில்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?”

“சொல்லணும்னுதான்டா இருந்தேன்.”

“எப்போ?”

மறுநாள் அவன் புகார் கொடுக்க உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான்.

கன்று விழுந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். அங்கேதான் இருந்தேன், தொழுவத்துக் கதவருகே. தம்பி பால் கொடுக்கப் போயிருந்தான். நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மாடு முக்கியது. தம்பி மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெறுங்கையால எடுக்கலாமா, மாமா?”

முழங்கை வரை வரும் கையுறை ஒரு ஜோடி என் அலமாரியில் இருந்தது, எனக்கென்று வாங்கியது. இருபதடி நடந்தால் போதும். கொண்டுவந்து நீட்டினால், இது எதற்கு என்று கேட்பாள்.

“எடும்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இந்த விஷயத்தில் அவளிடம் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.