வடிவம்மாவின் முன்னேற்றம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மாருக்கு வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்வது, பிள்ளை சாப்பிடாவிட்டால் சோற்றுக் கோப்பையோடு பின்னால் ஓடாதீர்கள் என்பதுதான். பசித்தால் வரும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்னேரம் அதே தாய் வேலியோரம் கோப்பையோடு ஓடிக்கொண்டிருப்பாள். கிளிநொச்சியில் உங்கள் உளநலப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக உளவளத்துணையாளராக இருக்கிறேன், டொக்டர். மனிதர் மாறுவார்கள் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். உண்மையில் மாறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் வடிவம்மா.

என் வீட்டு அலுமாரியில் இருந்த அவருடைய சிகிச்சைக் கோவையை நேற்று என் மகள் யதுர்ஷிகா உங்களிடம் கொண்டுவந்து தந்திருக்கிறாள். அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது அகப்பட்டதாம். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். களைப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வடிவம்மா முதன்முதலில் வந்தது 2019 இல். தையல்காரி. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஒரு கால் இழுத்து நடப்பார். காணாமல் போன மகளுக்கு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒரு சட்டை தைப்பார். அளவுக்கு அயல்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்ப்பார். வேலை இல்லாத நாட்களில் வீதியோரப் போராட்டக் கொட்டகையில் பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நித்திரை இல்லை.

“கடைசிச் சண்டையில சனத்தோட வரேக்க, வட்டுவாகல் பாலத்தடியில கால்ல செல் பட்டு விழுந்திட்டன், மிஸ். முன்னுக்கு நிண்ட அக்காவிட்டப் பிள்ளையைக் குடுத்தனான். அங்கால நில்லுங்கோ, வாறன் எண்டனான். ஓம் எண்டவா. அவான்ர முகம்தான் வருகுதில்லை. அதை மட்டும் எப்பிடியாவது ஞாபகப்படுத்தித் தாங்கோ.”

அவர் கேட்டது செய்ய முடியாத காரியம் அல்ல. அதற்கு முறைகள் இருக்கின்றன. ஆனால் பத்து வருடமாக ஒரு முகத்தைத் தேடி ஒரு மனுசி உருக்குலைவதை நான் ஊக்குவிக்க விரும்பவில்லை. ஆகவே கேள்விகள் கேட்டேன். என்ன நிறச் சேலை? பச்சை என்றார். அடுத்த கிழமை, “போன முறை நீலம் எண்டெல்லோ சொன்னனீங்கள்” என்றேன். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. காயப்பட்டவர்களுக்கு இல்லாத ஆட்கள் தெரிவதுண்டு என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். எட்டாவது மாதம், அப்படி ஒரு அக்கா நின்றாவா என்று அவருக்கே ஐமிச்சம் வந்துவிட்டது.

பச்சைதான். வலது தோளில் எரிந்த ஓட்டை ஒன்றும் இருந்தது. அதை அவர் சொன்ன நாளில் கோவையின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிவைத்தேன். பழக்கதோசம்.

சின்னப் பிள்ளைகளுக்குத் திவசம் இல்லை என்பதால் நந்திக்கடல் கரையில் பால் வார்க்கச் சொன்னேன். நானும் கூடப் போனேன். பாலை ஊற்றிவிட்டு அவர் சொன்னார்: “என்ர மடியிலதான் பிள்ளை செத்திருக்கு. நான்தான் கை விட்டிட்டன். இப்பத்தான் விளங்குது, மிஸ். இனித் தேடமாட்டன்.” எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பல்ல.

தைத்த சட்டைகளைச் சிறுவர் இல்லத்துக்குக் கொடுப்போம் என்று வாங்கினேன். பதினொன்று. பத்தைக் கொடுத்தேன். கடைசியைக் கொடுக்க மனம் வரவில்லை, நல்ல தையல். அதை யதுர்ஷிகாவுக்குப் போட்டபோது எந்த இடத்திலும் பிடிக்கவோ விடவோ வேண்டியிருக்கவில்லை.

நான் பாலத்துக்கு அப்பால் நின்றேன், டொக்டர். பத்து நிமிடமாவது நின்றிருப்பேன். பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள். முகாமில் பதியும்போது பிள்ளை யாருடையது என்று கேட்டார்கள். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நித்திரையாக இருந்தாள். அந்த மாசிமாதம்தான் என் கணவர் செத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னுடையது என்றேன். ஒரு சொல்தான்.

அனோஜா, வயது இரண்டு, தாய் வடிவம்மா வவுனியா ஆஸ்பத்திரியில் என்று ஒலிபெருக்கியில் இரண்டு நாள் அழைத்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. காய்ச்சல் மாறும்போது நான் அவளை யதுர்ஷிகா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் பிள்ளை குழம்பிவிடும். இதை வகுப்பிலும் சொல்வேன்.

நல்லாகத்தான் வளர்த்தேன். ஒரு நாளும் கை ஓங்கவில்லை. ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தாள். தையல் மெசினுக்குப் பக்கத்தில், ஒரு அறை வீட்டில் இதெல்லாம் நடந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

நேற்று இரவு யதுர்ஷிகா என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்தேன். பதினேழு வயது, பசித்தால் வருவாள் என்று இருந்தேன். விடிய வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

நாளைக்கு வடிவம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். பொலிசுக்கு அறிவியுங்கள், வேலையை விட்டு நிறுத்துங்கள், நான் மறுக்கவில்லை. பிள்ளையை எடுத்தது நான். தாய்க்கு அவள் செத்துவிட்டாள் என்று நம்பவைத்ததும் நான். ஆனால் இந்த மனுசி இப்போதுதான் இரவில் நித்திரை கொள்கிறார். கொட்டகைக்குப் போவதையும் விட்டுவிட்டார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று திடீரென்று சொன்னால் ஐந்து வருட முன்னேற்றமும் போய்விடும். ஒரு ஆறு மாதம் தாருங்கள், நானே அவரைத் தயார்ப்படுத்துகிறேன். அவர் என்னைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார்.