புகையில்லாத நாற்பத்தோரு நாள்

— நாப்பத்தோரு நாள், ஏழு மணி நேரம். அதுவரைக்கும் ஒரு சிகரெட்கூட தொடல. அப்புறம்தான் வழுக்கிட்ட. அப்படித்தானே பிரேம்?

— எண்ணிக்கிட்டே இருந்தியா, தாரணிக்கா?

— வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்திருக்கேன். வேற என்னத்த எண்ண?

— கோப்பி சொல்லவா? தேக்கா சாப்பாட்டுக் கடையில சும்மா உட்கார்ந்தா கடைக்காரர் முறைப்பாரு லா.

— அரை கப். இன்னிக்கு இருநூறு மில்லிதான் குடிக்கலாம்.

— சாரிக்கா.

— எதுக்கு? கோப்பிக்கா, கிட்னிக்கா?

— ரெண்டுக்கும்தான்.

— தலைய தூக்குடா, திட்ட வரல. டாக்டர் என்ன சொன்னாரு?

— யூரின்ல நிக்கோடின் இருக்காம். சிகரெட் பிடிக்கிறவன்கிட்டேருந்து கிட்னி எடுத்து உனக்கு வைக்க மாட்டாங்களாம். ஆபரேஷன் கேன்சல். மறுபடி முதல்லேருந்து மூணு மாசம் சிகரெட் இல்லாம இருக்கணுமாம்.

— மூணு மாசம். ம்.

— டயாலிசிஸுக்கு கையில போட்ட குழாய் அடைச்சிருச்சுன்னு மாமா சொன்னாரு.

— இப்ப கழுத்துல போட்டிருக்காங்க. அத விடு. இங்க இருக்குற நாற்காலியெல்லாம் உன் மூளையில இருக்குற ரிசெப்டர்னு வச்சுக்க.

— டீச்சரம்மா ஆரம்பிச்சிட்டாங்க.

— கேளுடா. நிக்கோடின் அதுல வந்து உட்கார்ந்ததும் மூளை செல்லுலேருந்து டோபமின் கொட்டும். அதான் அந்த சுகம். பதினேழு வருஷமா பிடிக்கிறியா, கூட்டம் ஜாஸ்தின்னு மூளை கூடுதலா நாற்காலி போட்டிருச்சு. நீ நிறுத்தினதும் அத்தனையும் காலி. ஆளு கேட்டு கத்தும். அடங்க வாரக்கணக்கா ஆகும்.

— டாக்டர் குடுத்த மாத்திரை?

— அது இந்த மாதிரி கடையில நாற்காலி மேல டிஷ்யூ பாக்கெட் வச்சு இடம் பிடிக்கிற மாதிரி. டோபமின் கொஞ்சமா வரும். சிகரெட் வந்தா உட்கார இடம் இருக்காது. சில பேருக்கு அதுவும் பத்தாது. உன் தப்பு இல்லடா. டாக்டருக்கு லெட்டர் எழுதியிருக்கேன்.

— என்னன்னு?

— தம்பிக்கு மன உறுதி இல்லைன்னு நினைக்காதீங்க, இது ரிசெப்டர் பண்ற வேலை, சீக்கிரமா இன்னொரு டெஸ்ட் வைங்கன்னு. நீ கையெழுத்து போட்டா போதும். இந்தா பேனா.

— வேணாம்க்கா.

— வேற கிட்னிக்கு லிஸ்ட்ல நின்னா எத்தனை வருஷம்னு உனக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு வருஷம் இல்ல.

— கிழிச்சுப் போடுக்கா அத.

— ஏன்? உன் பொண்டாட்டி லீலா ஏதாச்சும் சொன்னாளா?

— அவ பாவம். வீடு பூரா தேடி லைட்டரெல்லாம் குப்பையில போட்டவளே அவதான்.

— பின்ன? பஸ் ஓட்டுற டென்ஷனா? ஆசை தாங்கலயா? சொல்லு, அதையும் சேர்த்து எழுதுறேன்.

— ஆசையே வரலக்கா. மாத்திரை நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. வாயில வச்சா அட்டைய கொளுத்தின மாதிரி இருந்துச்சு. இருமிக்கிட்டே நாலு பிடிச்சேன்.

— ஆசை இல்லாமயா? எதுக்குடா நாலு?

— ஒண்ணு மட்டும் பிடிச்சா டெஸ்ட்ல தெரியாம போயிருமோன்னுதான். எனக்கு கிட்னி குடுக்க மனசில்லக்கா.