சுவரில் மாட்டிய பாஸ்வேர்டு

எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு யாரும் வருவதில்லை. அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான், யேசுரத்தினம். தூசியும் அசட்டையும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. விசாரணைக் கமிட்டி எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன்; மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாஸ்வேர்டு பாதுகாப்பு வகுப்பை நான்தான் எடுத்தேன். பெயரை வைக்காதே, பிறந்த தேதியை வைக்காதே, ஒன்றையே எல்லா இடத்துக்கும் வைக்காதே என்றேன். அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் செய்கிற தப்பு வேறு. புத்தாண்டு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமும் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறதல்லவா, அந்த வருடத்துக்குரிய வசனம், அதைத்தான் பாஸ்வேர்டாக வைப்பார்கள். வேதபுத்தகத்தில் அது எந்தப் பகுதி, எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று. எழுத்தும் வந்துவிடும், எண்ணும் வந்துவிடும், மறக்கவும் செய்யாது. அப்படி வைத்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதி வகுப்பு தூக்கியது. ஜினிஷாவும் தூக்கினாள். மாற்றிவிடு என்றேன்.

"எங்க வீட்டு வசனம் எவனுக்கு சார் தெரியும்? கர்த்தருக்கும் எங்கம்மைக்கும் மட்டும்தான்."

"ஏட்டி, ஒங்க வீட்டுச் செவுத்துல கண்ணாடி போட்டுல்லா மாட்டிருக்கு. பால்காரனுக்கும் தெரியும்" என்றான் ஜெஸ்பின்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். எங்கள் சபையின் செயலாளர் என்ற முறையில் அந்தத் தட்டை நீட்டுகிறவனே நான்தான் என்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு நல்ல காரியமாக அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா தேவகனி டீ தந்தார். ஐதராபாத்தில் மேற்படிப்புக்கு ஜினிஷாவுக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"அவ படிக்கப் போவட்டு சாரே. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

மரியாதை குறையாமல்தான் சொன்னார். டீயைக் குடித்து முடித்தேன். அட்டை எதிர்ச் சுவரில் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் போனில் அவளுடைய மெயிலைத் திறந்தேன். முதல் முயற்சியிலேயே திறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிக் கேட்காத பிள்ளைக்குச் செய்துதான் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான். அங்கே 'சேர விருப்பமில்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். உறுதி கேட்டு வந்த மெயிலுக்கு அவள் பெயரில் ஆமென்று பதில் அனுப்பி, இரண்டையும் அழித்தேன்.

ரயில் டிக்கெட் எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளே மறுத்ததாகப் பதிவு இருந்தது. இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. தான் செய்யவில்லை என்று வேதபுத்தகத்தில் கை வைத்து அழுதாள்.

"நீயே வேண்டாம்னு அடிச்சு விட்டுட்டு இப்ப அழுதியா? எவனுக்கு வேண்டிட்டி இங்கயே கெடக்கப் பாத்தே?" என்று தேவகனி அவள் கன்னத்தில் அறைந்தார். தடுத்துச் சமாதானம் சொன்னது நான். போனை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பிறகு தேவகனியே எனக்கு ஆள் விட்டார்.

என் மகன் விபின் துபாயில் நல்ல வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பெண் கேட்டுத்தான் அன்று அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். இதை முன்பே எழுதாததற்குக் காரணம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்யாணத்துக்கு முன் சபையில் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும்; இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன் போன் அவள் கைக்குத் திரும்பியது. என் பாடமும் அவள் நினைவுக்கு வந்தது. நம் மெயில் எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று பார்க்க ஓர் இடம் உண்டு. என் போனையே பெரிய திரையில் காட்டி அதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். விபின் அனுப்பிய போன் அது. அந்த மாடல் இங்கே கடைகளில் கிடையாது. அவள் கணக்கில் அந்த மாடலின் பெயர் நின்றது. நான் வெளியேறவே இல்லை. அதை மறதி என்று குறிக்க வேண்டாம். மருமகளாக வரப்போகிற பெண்; ஒரு கண் இருப்பது அவளுக்கே நல்லது.

நேரே லேபுக்குள் வந்தாள்.

"எனக்க சீட்ட வேண்டாம்னு அடிச்சது நீருதானா ஓய்?"

காலில் செருப்பு இருந்தது. முதலில் அதைத்தான் சொன்னேன். பிறகு ஆமாம் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஓலை நின்றுவிட்டது. விபின் என் அழைப்பை எடுப்பதில்லை. இனி நான் வகுப்பெடுக்கக் கூடாது என்கிறீர்கள். அந்த வகுப்பில் இருந்தவர்களில் சொன்னபடி பாஸ்வேர்டை மாற்றியவர் எத்தனை பேர் என்று விசாரித்தீர்களா? ஜினிஷா மாற்றிவிட்டாள். நேற்றுச் சாயந்திரமும் முயன்று பார்த்தேன். இந்த வருட வசனம், போன வருட வசனம், அவள் அம்மையின் பெயர், எதற்கும் திறக்கவில்லை. அந்தப் பெருமை எனக்குத்தான் சேர வேண்டும்.