புள்ளிக்குப் பின் நான்கு பூஜ்யம்

பேய்க் கதைக்கு ராத்திரிதான் தோது என்று விளக்கை அணைத்துவிட்டீர்கள். இருக்கட்டும். ஆனால் இது நடந்தது உச்சி வெயிலில்... திருவக்கரைக்குப் போகும் சாலையில். ஆள் நடமாட்டமே இல்லை. நம் ரோஜாவின் அண்ணன் ஜெஸ்வின் ஆம்புலன்ஸின் முன்சீட்டில் இருந்தான். ஓட்டியவர் மாரியப்பன்.

திண்டிவனத்தில் அந்த ஆம்புலன்ஸுக்கு ஆப் செய்து கொடுத்தவன் ஜெஸ்வின்தான். கூப்பிடுகிறவர் இருக்கும் இடம் டிரைவரின் திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணாக வரும். புள்ளிக்குப் பிறகு நீள நீளமாக இலக்கங்கள்... பார்க்க நன்றாயில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தான். இரண்டு இலக்கம் போதும், மீதியை ரவுண்ட் பண்ணிவிடு. மேப்பும் அந்த எண்ணுக்கே வழி காட்டியது.

போன மாதம் நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய கோவிந்தம்மாளைப் பாம்பு கடித்தது. தனியாள். அவளே கூப்பிட்டாள். வண்டி அடித்துப்பிடித்துத்தான் போனது... அரை கிலோமீட்டர் தள்ளி, சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை. மாரியப்பன் கத்திப் பார்த்தார். சாயங்காலம் தோப்புக்கு அந்தப் பக்கம் பிணமாகத்தான் கிடைத்தாள்.

ஊர் மாரியப்பனை ஏசியது. ஜெஸ்வின் வாயே திறக்கவில்லை. அந்த வரியில் இரண்டை ஆறு என்று மாற்றினான், அவ்வளவுதான். சாப்பிட்டான், தூங்கினான். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

மாற்றியது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அன்று வண்டியில் ஏறினான். அழைப்பு வந்தது. கோவிந்தம்மாளின் நம்பர். வீட்டு ஆட்கள் யாராவதாக இருக்கும் என்று போனார்கள்.

வண்டி நின்றது. பிடுங்கிய மல்லாட்டைக் கொடியின் பச்சை வாடை... ஒருவரும் இல்லை. ஜெஸ்வின் திரையைப் பார்த்தான். 12.030000. எந்த போனும் இத்தனை சுத்தமாக இடம் சொல்லாது. அவன் ரவுண்ட் பண்ணி வைத்த அதே எண்.

“அன்னிக்கி நான் நின்னுகினு கத்துன எடம் இதான் தம்பி,” என்றார் மாரியப்பன்.

பின்னால்... டக். கதவு சாத்திய சத்தம். வண்டி ஒரு பக்கமாக லேசாக இறங்கியது.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாரியப்பன் சைரனைப் போட்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில்தான் வண்டி நின்றது.

பின்கதவைத் திறந்தால் ஸ்ட்ரெச்சர் காலி. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. மாரியப்பன் அதை மெதுவாக அவிழ்த்தார்.

“தலப்பக்கம் நீ புடி.”

ஜெஸ்வின் பிடித்தான். கனமாக இருந்தது.