போக்கியம் மாரிதான்னு சொன்னது

அத்துல உக்காராத தம்பி, கால் ஆடும். கம்பெனி சேரு. வெளிய நானூறு ரூவாக்கு கெடைக்கும், இவங்களாண்ட ஆயிரத்து எட்நூறு. ஆனா இவங்களாண்டதான் வாங்கணும். இந்த ஸ்டூல்ல உக்காரு. கம்பெனி ஏஜெண்டு பாஸ்கரன் அனுப்ச்சானா? பூந்தமல்லில கடை போட்றதுக்கு முன்னாடி அம்பத்தூர் நாகவல்லி கடைய ஒருதபா பாத்துட்டு வா, அந்தம்மாவே சொல்லும்னு சொல்லிக்கீறான். தெரியும். நீ பதினோராவது ஆளு.

தாட்சாயிணி, தரைய அப்பால தொடச்சிக்கலாம். தம்பிக்கு ஒரு வெனிலா குட்த்துட்டு நீ போய் ரெண்டு கொடம் தண்ணி புட்சாந்துரு. லாரி வந்து நிக்கிது பாரு.

துன்னு, உருகிடும். துட்டுலாம் வாணாம். நல்லாத்தான் கீது இல்ல? ஐஸ்கிரீம்ல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். கஸ்மாலம் எல்லாம் அவங்க கையெழுத்து கேக்குற அந்த பேப்பர்ல கீது.

இன்னா கேட்ட, கைல எவ்ளோ நிக்கும்னா? இரு, அத்த நான் சொல்றேன், பாஸ்கரன் சொல்ல மாட்டான். நூறு ரூவாக்கு வித்தா எட்டு ரூவா கம்பெனிக்கு. லாபத்துல எட்டு இல்ல நைனா, வித்ததுல எட்டு. உனக்கு நஷ்டம் ஆனாலும் அவனுக்கு எட்டு. வெளம்பரத்துக்குன்னு இன்னோரு ரெண்டு. எங்க வெளம்பரம் வந்துது, நீ பாத்தியா? நானும் பாக்கல. கப்பு, கோனு, ஸ்பூனு, கை தொடைக்கிற பேப்பர் எல்லாம் அவன் சொல்ற வெலை. மழ காலத்துல எவன் ஐஸ்கிரீம் துன்றான்? கார்த்திகை மாசம் ஈ ஓட்டிகினு குந்தியிருப்பேன். அப்பவும் கொறைஞ்சது மூவாயிரம் கட்டணும்னு எழுதிக்கீது.

எங்க ஊட்டுக்காரரு வேம்புலி, பாடில ஒரு கம்பெனில இருபத்திரெண்டு வருசம் லேத்து ஓட்டுனாரு. ஆளக் கொறைக்கிறோம்னு கைல செக்கக் குட்த்து அனுப்ச்சிட்டாங்க. நான்தான் அவரப் புட்ச்சு இழுத்தேன். யோவ், எங்கப்பன் ஆயுசுக்கும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டான், நீ ஆயுசுக்கும் அடுத்தவன் மிஷின ஓட்ன, இனிமே நம்ம கடை, நம்மதான் மொதலாளின்னேன். எனக்கு அந்த ஆச இருந்துது, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மொதலாளி. கேக்கறியா? போன ஆடி மாசம் எங்க தெருவுல அம்மனுக்கு கூழ் ஊத்துனோம். வருசா வருசம் எங்க ஊட்டுலர்ந்து ஒரு அண்டா போவும். இந்தவாட்டி கடை வாசல்ல வெச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நானே மொண்டு ஊத்துனேன். எதுக்கால நின்னு பாஸ்கரன் போட்டா புடிக்கிறான். கடைல வெளி சரக்கு வித்தேன்னு ஆயிரம் ரூவா அபராதம். அம்மன் கூழு, வெளி சரக்கு. என் வாசல்ல என் சாமிக்கு கூழ் ஊத்த எனக்கு உரிமையில்லன்னா, அப்பறம் இன்னா மொதலாளி? வயிறு எரியுது தம்பி. இப்பவும் எரியுது.

மொதல்ல கம்பெனிக்கு குட்த்த ஒன்னேகால் லட்சம் திரும்ப வருமான்னா? அங்கதான் வர்றேன். உங்க பூந்தமல்லில ஊட்ட போக்கியத்துக்கு வுடுவாங்க இல்ல? ஒரு லட்சம் குட்த்துட்டு உள்ள பூந்தா மாசா மாசம் வாடகை கெடையாது, காலி பண்ணச்சொல்ல அந்த லட்சம் அப்டியே கைக்கு வந்துரும். நாங்க ரெண்டு பேரும் இதுவும் அந்த மாரின்னு நெனச்சுட்டோம். பேரக் குடுக்குறான், மிஷினக் குடுக்குறான், கடைய மூடுனா திருப்பி வாங்கிக்கினு துட்டக் குடுப்பான்னு. பேப்பர் இருபது பக்கம், அத்தனையும் இங்கிலீஷு. பொண்ணு கல்யாணத்துக்கு, போதும்டா சாமின்னு கடைய மூடிட்றேன், துட்டக் குடுன்னு கேட்டேன். பாஸ்கரன் சிரிச்சான். பேருக்குக் குட்த்த துட்டும்மா, அது திரும்பாதுன்னு பதினாலாவது பக்கத்துல வெரல வெச்சுக் காட்னான். எங்க ஊட்டுக்காரரு அன்னிலர்ந்து கடைப் பக்கமே வர்றதில்ல.

அப்பறம் ஏன் மூடலயா? மூடிட்டு எங்க போவ? போன வருசம் அக்ரிமெண்டு முடிஞ்சிது. புதுப்பிக்க நாப்பதாயிரம் கேட்டான், இல்லன்னா போர்டக் கழட்டிடுவேன்னான். அப்பறம் அவனே சொன்னான், பாக்க வர்றவங்கள்ல ஒரு ஆளு உன் பேச்சக் கேட்டு கையெழுத்து போட்டா நாப்பதாயிரம் வாணாம், ஒரு வருசம் சும்மா போட்டுத்தரேன்னு. அந்த வருசம் வர்ற மாசம் முடியுது. நாலு மணிக்கு போன் பண்ணுவான் பாரு, தம்பி இன்னா சொன்னாருன்னு கேப்பான்.

ஆமா, போன வருசம் ஒரு ஆளு கையெழுத்து போட்டுது. அண்ணனூர் ஸ்டேஷனாண்ட கடை. ஏழே மாசம். மழைல மூடுனதுதான், அப்பறம் தொறக்கல. அயனம்பாக்கம் ஏரியோரம் அவங்க மாமனார் வெச்சிட்டுப் போன நெலத்த வித்து போட்ட கடை. இதே ஸ்டூல்லதான் குந்திகினு, அக்கா, மூடுனா துட்டு திரும்ப வருமான்னு கேட்டுது. போக்கியம் மாரிதான், தைரியமா போடுன்னேன்.

யாருன்னு கேக்கறியா? இப்ப உனக்கு வெனிலா குட்த்துட்டுப் போனாளே தாட்சாயிணி, அவதான். பாவம்னு நான்தான் வேலைக்கு வெச்சிக்கீறேன்னு தெருவே சொல்லுது. அவளும் அத்ததான் சொல்றா. நம்ம ரெண்டு பேரையும் பாஸ்கரன் ஒரே மாரி ஏமாத்திட்டான் இல்லக்கா, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுன்னு தெனம் சொல்லிகினே தரையத் தொடைப்பா. அவ வந்து கேட்டப்பவே, பாஸ்கரன் எனக்கு அந்த பதினாலாவது பக்கத்தக் காட்டி ஒரு வருசம் ஆயிருந்துது தம்பி.

மெதுவா பேசு, வந்துட்டா. ரெண்டு கொடமும் ஒண்ணா தூக்கிகினு வர்றா பாரு. போய் ஒரு கை குடு.